கண்ணாடி துடைக்கும் சரக்கு நம் கடையிலேயே இருக்கிறது!

ஜன்னல் கண்ணாடியைத் துடைப்பது பற்றி வணிகர் சங்க இதழில் கட்டுரை எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கலாம். மாதர் பகுதியில் வரவேண்டிய செய்தி வணிகர் பகுதிக்கு வந்துவிட்டதோ என்றும் எண்ணலாம். காரணம் இருக்கிறது.

ஆயுத பூஜையில் தொடங்கி, தீபாவளி, போகி, பொங்கல் என்று தை பிறக்கும் வரை வீடும் கடையும் ஒட்டடை அடித்து, கழுவித் துடைக்கப்படும் காலம். இந்த மாதங்களில் வாடிக்கையாளர்கள் நம்மிடம் கேட்டு வாங்கும் பொருள்களில் கண்ணாடி துடைக்கும் திரவமும் ஒன்றாகிவிட்டது. நீல நிறத்தில், விசையை அழுத்தினால் பீய்ச்சும் பாட்டிலில் வருகிறது. நாமும் எடுத்துக் கொடுத்துப் பணத்தைக் கல்லாவில் போடுகிறோம். அந்த பாட்டில் செய்யும் வேலையில் பெரும்பங்கை, நம் கடை அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் நான்கைந்து மளிகைச் சரக்குகள் மிகக் குறைந்த செலவில் செய்துவிடும். இது வாடிக்கையாளருக்குத் தெரியாது. நம்மில் பலருக்கும் தெரியாது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்!

"கம்பெனிச் சரக்கு விற்றால் நமக்கும் லாபம்தானே, அதைக் கெடுத்துக் கொள்வானேன்?" என்று கேட்பவர்களுக்குக் கட்டுரையின் பிற்பகுதியில் கணக்கோடு பதில் சொல்கிறோம். முதலில் சரக்கைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

ஜன்னல்கள் மாறிவிட்டன

ஒரு தலைமுறைக்கு முன் நம் ஊர் வீடுகளில் ஜன்னல் என்றால் மரச்சட்டம், இரும்புக் கம்பி, இரண்டு மரக்கதவு. செட்டிநாட்டு வீடுகளில் வண்ணக் கண்ணாடிகள் பதித்திருந்தார்கள். சாதாரண வீட்டில் கண்ணாடி என்று இருந்தது முகம் பார்க்கும் கண்ணாடியும், சாமி படங்களும், அரிக்கேன் விளக்கின் சிம்னியும்தான். சிம்னியைச் சலித்த சாம்பல் தொட்டுத் துடைத்தால் வேலை முடிந்தது.

இன்று அடுக்குமாடி வீடாகட்டும், தனி வீடாகட்டும், நகர்த்தித் திறக்கும் அலுமினிய ஜன்னலும் யு.பி.வி.சி. ஜன்னலும் வந்துவிட்டன. குளியலறையிலும் சமையலறையிலும் கண்ணாடி. நம் கடைகளை எடுத்துக் கொண்டாலும் முகப்புக் கதவு, ஷோகேஸ், குளிர்பானப் பெட்டி, மிட்டாய் பரணி எல்லாம் கண்ணாடிதான். ஆக, கண்ணாடி துடைப்பது வீட்டுக்காரர்களுக்கும் நமக்கும் பொதுவான வேலையாகிவிட்டது.

எந்த அழுக்கு, எங்கிருந்து வருகிறது?

எல்லா அழுக்குக்கும் ஒரே மருந்து கிடையாது. வாடிக்கையாளர் வந்து "கண்ணாடி துடைக்க ஏதாவது கொடுங்கள்" என்றால், "எந்த ஜன்னல்? என்ன கறை?" என்று திருப்பிக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். பொதுவாகக் கண்ணாடியில் படிவது நான்கு வகை.

முதலாவது, தெருப்புழுதியும் கைரேகையும். இது எளிதில் போகும். கடலோர ஊர்களில் இதனுடன் காற்றில் வரும் உப்பும் சேர்ந்து படியும். உப்பு தண்ணீரிலேயே கரையக்கூடியது. எனவே வெறும் தண்ணீரால் முதலில் கழுவிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, எண்ணெய்ப் பிசுக்கு. சமையலறையில் தாளிப்புப் புகையும், பூஜை அறையில் விளக்குப் புகையும் சாம்பிராணிப் புகையும் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி மஞ்சளாக இறுகிவிடும். பலகாரக் கடை, உணவு விடுதி வைத்திருப்பவர்களுக்கு இதைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, உப்புத்தண்ணீர்க் கறை. நம் ஊர்களில் பல இடங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடின நீர். அதில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. கண்ணாடியில் தெறித்த தண்ணீர் காய்ந்ததும் இந்த உப்பு வெள்ளைப் புள்ளியாகத் தங்கிவிடுகிறது. குளியலறை ஜன்னலில் காணும் வெண்படலம் இதுதான். வெள்ளையடிக்கும்போது தெறிக்கும் சுண்ணாம்பும் ஏறக்குறைய இந்த இனம்தான்.

நான்காவது, ஒட்டுப்பசை. கம்பெனிக்காரர்கள் நம் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போகும் ஸ்டிக்கர்கள், விலைச் சீட்டுகள், செலோ டேப் ஆகியவற்றின் மிச்சம்.

எந்தச் சரக்கு என்ன வேலை செய்யும்?

வினிகர்: இதில் உள்ளது அசெட்டிக் அமிலம். சட்டப்படி வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் இந்த அமிலம் இருக்க வேண்டும். கடின நீரின் சுண்ணாம்புப் படிவை இது கரைக்கும். கண்ணாடிக்கு விலை குறைந்த வெள்ளை வினிகரே போதும். செயற்கை வினிகர் என்று லேபிளில் குறித்து விற்கப்படுவது இந்த வேலைக்குத் தாராளமாக ஆகும். ஆப்பிள் வினிகர் போன்ற நிறமுள்ளவை வேண்டாம். விலையும் அதிகம், கண்ணாடியில் தடமும் விழும்.

எலுமிச்சை உப்பு: சிட்ரிக் அமிலம் என்பது இதுதான். எலுமிச்சம்பழத்தின் புளிப்பும் இதனால்தான். வினிகர் வாடை பிடிக்காதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கலாம். வெண்படலத்தை நன்றாகவே எடுக்கும். எலுமிச்சைச் சாறும் அதே வேலையைச் செய்யும். ஆனால் அதில் சக்கையும் சர்க்கரையும் இருப்பதால் வடிகட்டிப் பயன்படுத்தி, பிறகு தண்ணீரால் துடைக்க வேண்டும். இல்லையேல் பிசுபிசுக்கும், எறும்பும் வரும்.

சலவை சோடா: எண்ணெய்க்கு எதிரி. வெந்நீரில் கரைத்தால் பிசுக்கை இளக்கிவிடும். காரம் அதிகம். கையுறை அவசியம். அலுமினியத்தின் மேல் படக்கூடாது. பட்டால் அலுமினியம் கறுத்துவிடும்.

ஆப்ப சோடா: சமையல் சோடா என்றும் சொல்வோம். சலவை சோடாவைவிட மிகவும் மென்மையானது. ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தால் மென்மையான தேய்ப்புப் பொடியாக வேலை செய்யும்.

பூந்திக்கொட்டை: நம் பாட்டிமார்கள் பட்டுப்புடவைக்கும் நகைக்கும் பயன்படுத்தியது. தண்ணீரில் ஊறினால் இயற்கையாகவே நுரைக்கும். சாதாரண சோப்பு கடின நீரில் திரிந்து வெள்ளைப் பிசிறாக ஒட்டிக்கொள்ளும். பூந்திக்கொட்டைச் சாற்றில் அந்தத் தொல்லை இல்லை. அலுமினியச் சட்டத்துக்கும் பாதகமில்லை.

சோள மாவு: கார்ன் ஃப்ளவர் என்று கேட்டு வாங்குகிறார்களே, அதேதான். மிக நைசான மாவு என்பதால் கண்ணாடியைக் கீறாமல், மங்கலான கோடுகளைப் போக்கி மெருகு தரும்.

பழைய செய்தித்தாள்: உணவுப் பொருள்களைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்க வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-ல் அறிவுறுத்தியது. 2018-ம் ஆண்டின் பேக்கேஜிங் விதிமுறைகளில் அது தடையாகவே இடம்பெற்றது. எனவே வடையையும் பஜ்ஜியையும் சுற்றக் கூடாத அந்தத் தாளைக் கண்ணாடி துடைக்கப் பயன்படுத்தலாம். பஞ்சு ஒட்டாமல் துடைக்கும். ஆனால் வெள்ளைச் சட்டத்தில் மை ஒட்டும் என்பதால் ஓரங்களில் கவனம் தேவை. வழவழப்பான வண்ணத் தாள் இதற்கு உதவாது.

செய்முறைகள்

கீழே உள்ள அளவுகளை ஒரு சீட்டில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டால் வாடிக்கையாளர் கேட்கும்போது உடனே சொல்ல உதவும்.

1. அன்றாடத் துடைப்புக்கு: வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. அதாவது அரை லிட்டர் பாட்டிலுக்கு 125 மில்லி வினிகர், 375 மில்லி தண்ணீர். கலந்து பீய்ச்சி, துணியால் துடைத்து, உலர்ந்த தாளால் மெருகேற்ற வேண்டும். வாடை சிறிது நேரத்தில் போய்விடும்.

2. சமையலறைப் பிசுக்குக்கு: ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சலவை சோடாவைக் கரைத்து, துணியில் நனைத்துக் கண்ணாடியில் மட்டும் தடவி ஓரிரு நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரால் ஒருமுறை துடைத்து, கடைசியில் மேற்சொன்ன வினிகர் கலவையால் முடிக்கலாம். ஜன்னல் சட்டம் அலுமினியமாக இருந்தால் சோடா வேண்டாம். அதற்குப் பூந்திக்கொட்டைச் சாறோ, வெந்நீரில் சில சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவமோ போதும்.

3. உப்புத்தண்ணீர்க் கறைக்கு: தண்ணீர் கலக்காத வினிகரில் துணியை நனைத்துக் கறை மேல் 10 முதல் 15 நிமிடம் ஒட்டி வைக்க வேண்டும். பிறகு தேய்த்துக் கழுவ வேண்டும். அல்லது அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து அதே முறையில் செய்யலாம். கெட்டியான கறைக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படும். வருடக்கணக்கில் விட்டுவிட்டதால் கண்ணாடியே அரித்துப் போயிருந்தால் எந்தக் கலவையாலும் பழைய நிலைக்கு வராது. இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பழி நம் சரக்கின் மேல் விழும்.

4. பூந்திக்கொட்டைச் சாறு: விதை நீக்கிய 10, 12 தோல்களை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்க விட்டு வடிகட்ட வேண்டும். கண்ணாடி, சட்டம், கொசுவலை எல்லாவற்றையும் இதைக்கொண்டு கழுவலாம். பிறகு நல்ல தண்ணீரால் அலச வேண்டும். சாறு பழுப்பு நிறம் என்பதால் அலசாமல் விட்டால் தடம் தெரியும். நாள்பட வைத்தால் கெட்டுவிடும். அவ்வப்போது தேவைக்கு மட்டும் செய்துகொள்வதே முறை.

5. மங்கிய கண்ணாடிக்கு மெருகு: அரை லிட்டர் தண்ணீரில் கால் டம்ளர் வினிகரும் ஒரு மேசைக்கரண்டி சோள மாவும் சேர்த்து நன்றாகக் குலுக்கிப் பயன்படுத்த வேண்டும். மாவு அடியில் தங்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். இது அப்போதைக்கப்போது செய்வது. மிச்சத்தைச் சேர்த்து வைக்கக் கூடாது.

6. ஸ்டிக்கர் பசைக்கு: தேங்காய் எண்ணெயையோ சமையல் எண்ணெயையோ தடவி அரை மணி நேரம் ஊறவிட்டால் பசை இளகும். பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் தள்ளி எடுத்துவிட்டு, ஈரத்துணியில் ஆப்ப சோடா தொட்டுத் தேய்த்து, பாத்திரத் திரவத்தால் எண்ணெய் போகக் கழுவ வேண்டும். பிளேடால் சுரண்டுவது பலருக்குப் பழக்கம். அதில் கண்ணாடியும் கீறும், கையும் கீறும்.

7. சுண்ணாம்புத் தெளிப்புக்கு: வெள்ளையடித்த பின் கண்ணாடியில் விழுந்த புள்ளிகளை உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது. வினிகரால் நனைத்து ஊறவிட்டால் கரைந்து வரும். போகி சமயத்தில் அதிகம் கேட்கப்படும் யோசனை இது.

துடைக்கும் முறையும் முக்கியம்

சரக்கு நன்றாக இருந்தும் கண்ணாடி கோடு கோடாகத் தெரிகிறதென்றால், துடைத்த முறையில் குறை என்று பொருள்.

வெயில் நேராகப் படும்போது துடைக்கக் கூடாது. துடைப்பதற்குள் கலவை காய்ந்து கோடு விழும். காலை இளம்பொழுதோ மாலையோ ஏற்றது. முதலில் உலர்ந்த தூசியை மென்மையான துடைப்பத்தால் தட்டிவிட வேண்டும். தூசியோடு தேய்த்தால் மணல் துகள் கண்ணாடியைக் கீறிவிடும். ஜன்னல் ஓடும் பள்ளத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்த பிறகே கண்ணாடிக்கு வர வேண்டும். எப்போதும் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும்.

துணி இரண்டு வேண்டும். ஒன்று ஈரத்துக்கு, மற்றொன்று உலர்த்துவதற்கு. புதுத்துணி ஆகாது. அதில் கஞ்சியும் பஞ்சும் இருக்கும். பலமுறை துவைத்துப் பழகிய வேட்டித்துண்டுதான் உத்தமம். உட்புறத்தை மேலும் கீழுமாகவும், வெளிப்புறத்தை இடமும் வலமுமாகவும் துடைத்தால், கோடு எந்தப் பக்கத்தில் விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடின நீரால் துடைத்துவிட்டு, புள்ளி விழுகிறதே என்று வருந்திப் பயனில்லை. கடைசித் துடைப்புக்கு மழைநீரோ, குளிர்சாதனப் பெட்டியின் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரோ நல்லது. இவற்றில் உப்பு மிகக் குறைவு. சில வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் சேமித்துத் துடைக்கப் பயன்படுத்துகிறார்கள். சிக்கனம் பாராட்டத்தக்கதுதான். ஆனால் அந்த நீரில் உப்பு கூடுதலாக இருக்கும். தரை துடைக்கலாம், கண்ணாடிக்கு ஆகாது.

சாமி படம், முகம் பார்க்கும் கண்ணாடி ஆகியவற்றின் மேல் நேராகப் பீய்ச்சக் கூடாது. ஓரத்தின் வழியாக நீர் புகுந்தால் படம் நனையும், ரசம் கறுக்கும். துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும். கடையில் விளக்குப் போட்ட ஷோகேஸ், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றை மின் இணைப்பைத் துண்டித்த பிறகே துடைக்க வேண்டும். மின்னணுத் தராசின் எண்பலகைக்கு நன்றாகப் பிழிந்த துணி மட்டும் போதும்.

கம்பி நார், தேங்காய் நார், செங்கல் தூள் ஆகியவற்றைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுவரக் கூடாது. சிம்னி துடைத்த நினைவில் சிலர் சாம்பல் கேட்பார்கள். சலித்த சாம்பல் கரியைப் போக்கும் என்பது உண்மை. ஆனால் இன்றைய பெரிய கண்ணாடிகளில் அதிலுள்ள பொடிக்கல் கீறல் போட்டுவிடும். வினிகரும் எலுமிச்சை உப்பும் சலவைக்கல் மேல் பட்டால் கல்லின் பளபளப்பு போய்விடும். ஜன்னல் படி சலவைக்கல்லாக இருந்தால் துணி விரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாடி ஜன்னலின் வெளிப்புறத்தை எட்டித் துடைக்க விளிம்பில் ஏறி நிற்பதை யாரும் செய்யக் கூடாது. நீளக் கைப்பிடி வைத்த ரப்பர் வைப்பர் விற்கிறது. அதை நாமும் வாங்கி வைத்து விற்கலாம்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

"வீட்டிலேயே செய்வது, இயற்கையானது, அதனால் ஆபத்தில்லை" என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது சரியன்று. விற்கிற நாம் சில எச்சரிக்கைகளைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ வினிகருடனோ, எலுமிச்சை உப்புடனோ, ஆசிட்டுடனோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் என்னும் நச்சு வாயு வெளிப்படும். கதவடைத்த குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. பிளீச்சுடன் அம்மோனியா கலந்த திரவங்களைச் சேர்த்தாலும் நச்சு வாயு உண்டாகும். கம்பெனி பாட்டில் மிச்சத்தில் வினிகரை ஊற்றி நிரப்பும் பழக்கமும் வேண்டாம். உள்ளே இருப்பது என்னவென்று நமக்குத் தெரியாது.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் பொங்குகிறதே, அது அழுக்கைப் பிய்த்தெடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அதில் ஆபத்து இல்லை, ஆனால் பயனும் இல்லை. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, பெரும்பாலும் வெறும் உப்புத் தண்ணீராக மிஞ்சும். இரண்டு சரக்கும் வீண். தனித்தனியே, ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்துவதே சரி.

கலவையைக் குளிர்பான பாட்டிலிலோ குடிநீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. தாகத்தில் குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் என்ன செய்வது? பீய்ச்சும் பாட்டிலில் ஊற்றி, "கண்ணாடி துடைக்க மட்டும்" என்று எழுதி ஒட்டி, உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

நம் கடைக்கும் ஓர் எச்சரிக்கை. சலவை சோடாவும் ஆப்ப சோடாவும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்த டப்பாவில் வைத்தால், அவசரத்தில் கடைப் பையன் மாற்றி நிறுத்துக் கொடுத்துவிடுவான். சலவை சோடா ஆப்பமாவில் விழுந்தால் விபரீதம். உணவுச் சரக்கு ஒரு பக்கம், துப்புரவுச் சரக்கு மறுபக்கம் என்று அலமாரியையே பிரித்துவிடுவது நல்லது. சோடா வகைகளும் எலுமிச்சை உப்பும் ஈரம் பட்டால் கட்டிவிடும். இறுக மூடிய டப்பாவில், ஒன்றோடொன்று சேராமல் இருக்க வேண்டும்.

சட்டமும் நாமும்

கறைக்கு ஆசிட் கேட்டு வருபவர்கள் இன்றும் உண்டு. கண்ணாடிக்கு ஆசிட் தேவையே இல்லை. அது ஜன்னலின் அலுமினியத்தையும் இரும்பையும் அரிக்கும், அதன் புகை துடைப்பவரின் நெஞ்சைப் பாதிக்கும். மேலும் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கடுமையான நிபந்தனைகளை விதித்து உத்தரவிட்டது. வாங்குபவரின் விவரத்தையும் அளவையும் பதிவேட்டில் எழுத வேண்டும். அரசு வழங்கிய, முகவரியுடன் கூடிய புகைப்பட அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். என்ன காரணத்துக்காக வாங்குகிறார் என்று குறிக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. இருப்பைக் கோட்ட அளவிலான நிர்வாக நடுவரிடம் தெரிவிக்க வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அந்த உத்தரவு இடம் தந்தது. சில ரூபாய் லாபத்துக்காக இந்தப் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்பதை உறுப்பினர்கள் யோசிக்க வேண்டும். கறைக்கு ஆசிட் கேட்பவரிடம் எலுமிச்சை உப்பை எடுத்துக் கொடுத்து, பயன்படுத்தும் முறையையும் சொல்லி அனுப்புங்கள்.

இன்னொரு செய்தி. "கலவை செய்வது சுலபமாக இருக்கிறதே, நாமே கலந்து பாட்டிலில் அடைத்து விற்றால் என்ன?" என்ற ஆசை இதைப் படிக்கும் சிலருக்கு வரும். வரலாம், தவறில்லை. ஆனால் வாங்குபவர் வருவதற்கு முன்பே அடைத்து வைத்து விற்கும் பொருள் எதுவாயினும், 2011-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள்கள் விதிகள் குறுக்கே வரும். அடைத்தவரின் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர அளவு, தயாரித்த மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்குத் தொடர்பு விவரம் ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். அடைப்பவர் பதிவும் செய்துகொள்ள வேண்டும். சலவை சோடாவை 100 கிராம் பொட்டலமாக முன்கூட்டியே கட்டித் தொங்கவிடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்ட பிறகு, அவர் கண் முன்னே நிறுத்துக் கொடுப்பது வேறு. சிறு கடைக்கு அதுவே எளிய வழி.

லாபக் கணக்கு

இப்போது, முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். கம்பெனி பாட்டில் விற்பதை விட்டுவிட்டு வினிகரும் சோடாவும் விற்றால் நமக்கு என்ன மிச்சம்?

அரை லிட்டர் வினிகர் பாட்டில் ஒன்றை ஒன்றுக்கு மூன்று என்று கலந்தால் 2 லிட்டர் கலவை கிடைக்கிறது. அதாவது அரை லிட்டர் பீய்ச்சும் பாட்டில் நான்கு முறை நிரம்பும். 100 கிராம் எலுமிச்சை உப்பில் 15 கிராம் வீதம் ஆறு முறை கலவை செய்யலாம். உங்கள் கடையின் இன்றைய விலையை எடுத்து, ஒரு முறை நிரப்புவதற்கு என்ன செலவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். அதற்குப் பக்கத்தில் கம்பெனி பாட்டிலின் விலையை எழுதுங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்த விலையில் பாட்டில், விசை, நிறம், மணம், விளம்பரம் எல்லாவற்றின் செலவும் அடக்கம்.

ஒரு பாட்டில் கணக்கில் மட்டும் பார்த்தால் கம்பெனிச் சரக்கில் நமக்கு வரும் ரூபாய் சில சமயம் கூடுதலாகத்தான் தெரியும். மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த பாட்டிலைப் பெரிய அங்காடி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்கிறது. கைப்பேசியில் ஆர்டர் செய்தால் வீட்டுக்கே தள்ளுபடி விலையில் வருகிறது. அந்த விலைக்கு நம்மால் இறங்க முடியுமா? முடியாத இடத்தில் மல்லுக்கு நிற்பதால் பயனில்லை. 50 கிராம் எலுமிச்சை உப்பு, 100 கிராம் சோடா, ஒரு கைப்பிடி பூந்திக்கொட்டை என்று தேவைக்கு நிறுத்துக் கொடுப்பதும், "உங்கள் ஜன்னல் அலுமினியமா? அப்படியானால் சோடா வேண்டாம் அம்மா" என்று சொல்வதும் அங்கே நடக்காது. அது நம் கடையில்தான் நடக்கும். நம் பலம் அங்கேதான் இருக்கிறது.

அப்படிச் சொல்லி அனுப்பிய வாடிக்கையாளர் வினிகரை மட்டுமா வாங்குவார்? அடுத்த மாதப் பலசரக்குச் சிட்டையும் நம்மிடமே வரும். ஒரு சாமானில் நான்கு ரூபாய் குறைந்தாலும், ஒரு குடும்பத்தின் கணக்கு நம் கடையில் நிற்கிறது.

இதற்காகக் கம்பெனிச் சரக்கை ஒழித்துவிடச் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் கணவனும் மனைவியும் கலந்து கொண்டிருக்க நேரமில்லை என்றால் பாட்டிலே கேட்பார்கள். கொடுக்க வேண்டியதுதான். இரண்டையும் வைத்து, கேட்பவருக்கு இரண்டின் குணத்தையும் எடுத்துச் சொல்வதே வியாபார முறை.

சுற்றுப்புறத்துக்கும் இதில் நன்மை உண்டு. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. அதனால் நாம் பட்ட சிரமமும், துணிப்பைக்கும் காகிதப்பைக்கும் மாறியதும் எல்லோருக்கும் தெரியும். பீய்ச்சும் பாட்டில் அந்தத் தடைப் பட்டியலில் வரவில்லை. என்றாலும், காலியான ஒரே பாட்டிலைக் கழுவி ஆண்டுக்கணக்கில் நிரப்பிப் பயன்படுத்தினால் அத்தனை பாட்டில் குப்பைக்குப் போகாமல் மிஞ்சுகிறது. அதே சமயம், நம் சரக்கைப் பற்றி இல்லாததைச் சொல்லக் கூடாது. "நூறு சதவீதம் இயற்கை", "கிருமி எல்லாம் செத்துவிடும்" என்றெல்லாம் பலகை எழுதி வைக்க வேண்டாம். வினிகர் அழுக்கைப் போக்கும். ஆனால் அதைக் கிருமிநாசினி என்று சொல்லி விற்பது நேர்மையாகாது.

செய்ய வேண்டியவை

சில்லறை வணிகர்கள் ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் முன்பே வெள்ளை வினிகர், எலுமிச்சை உப்பு, சலவை சோடா, பூந்திக்கொட்டை, காலி பீய்ச்சும் பாட்டில், ரப்பர் வைப்பர் ஆகியவற்றை ஒரே இடத்தில் கண்ணில் படும்படி அடுக்கி வையுங்கள். "கண்ணாடி துடைக்க" என்று ஒரு சிறு பலகை போதும். செய்முறையை அரைத் தாளில் அச்சடித்து, கீழே கடையின் பெயரையும் போட்டு, சாமானுடன் இலவசமாகக் கொடுங்கள். அந்தத் தாள் சமையலறைக் கதவில் ஒட்டப்பட்டால் ஆண்டு முழுவதும் நமக்கு விளம்பரம். செய்யக்கூடாதவை என்ற பகுதியை அதில் விட்டுவிடாதீர்கள்.

மொத்த வணிகர்களும் இந்தச் சரக்குகளைச் சிறு கடைகளுக்கு ஒரே தொகுப்பாக அனுப்பிவைத்தால் இரு சாராருக்கும் வசதி. பூந்திக்கொட்டை போன்று மெதுவாக நகரும் சரக்கும் இதனால் நகரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வாரமே நம் கடைக் கண்ணாடியில் சோதித்துப் பார்ப்போம். 125 மில்லி வினிகரும் ஒரு பழைய வேட்டித்துண்டும் போதும். "இதைக்கொண்டுதான் துடைத்தோம்" என்று நம் ஷோகேஸையே காட்டி விற்கும்போது, வாடிக்கையாளர் வேறு சாட்சி கேட்கமாட்டார்.